வூஃபர் வாயை மூடிய சனிக்கிழமை

தன் காரில் ஏறுகிற ஒவ்வொருவரையும் ஸ்பீக்கர் நிபுணராக்கித்தான் கீழே இறக்குவேன் என்று விரதம் எடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கில், என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருக்கிறார். பெற்றவர்கள் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். அதை அவர் மனைவி கோமதிகூட அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சொல்வாள். எங்கள் எல்லோருக்கும் அவர் வூஃபர்.

ஆளும் பெயருக்கு ஏற்ற மாதிரிதான். அகலமான நெஞ்சு, வட்ட முகம், அடிவயிற்றிலிருந்து கிளம்பி வருகிற குரல். லிஃப்டில் நின்று அவர் குட்மார்னிங் சொன்னால் மூன்று மாடி தள்ளி ஜன்னல் கண்ணாடி அதிரும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். இரண்டு மாடி.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆனால் க்ராஸ்ஓவர் என்றால் என்ன என்று என்னைக் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். பட்டம் வாங்கிய மருமகளைக் கேட்டால் முழிப்பாள். (அதையும் எழுதும்மா, பரவாயில்லை.)

முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு, சனிக்கிழமை காலையில் வூஃபர்தான் என்னை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். அவருக்கு அங்கே டெக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க வேண்டும், எனக்கு ஆட்டுக்கறியும் முருங்கைக்கீரையும். முதல் நாளே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"அம்மா, கதவுல மேல குட்டியா ஒண்ணு இருக்கு பாருங்க, அது ட்வீட்டர். ஜால்ரா, சலங்கை, குருவிச் சத்தம் எல்லாம் அதோட டிபார்ட்மென்ட். கீழ பெருசா இருக்கிறது வூஃபர். தவிலு, மிருதங்கம், இடி எல்லாம் அது பாத்துக்கும்."

"எது யாருக்குன்னு அதுங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல வருஷமாகப் பெண் தேடிய வீட்டில் ஜாதகம் பொருந்தின மாதிரி இருந்தது.

"நீங்க ஒருத்தர்தாம்மா இதக் கேட்டீங்க. வீட்ல மாவு சலிக்கிறீங்கல்ல? நைசா இருக்கிறது கீழ விழுது, குருணை மேல நிக்குது. அந்தச் சல்லடைதான் க்ராஸ்ஓவர். நைஸ் சத்தத்தை ட்வீட்டருக்குத் தள்ளும், தடி சத்தத்தை வூஃபருக்குத் தள்ளும்."

சல்லடை என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் நோன்புப் பெருநாளுக்கு என் சல்லடையை வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுக்கும்போது அது நிறைய அன்னாசிப்பழ பிஸ்கட். அதிலிருந்து வருஷா வருஷம் சல்லடையை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். மருமகள் முறைக்கிறாள். விஷயத்துக்கு வருகிறேன்.

வூஃபர் முன்பு ஒரு கார் ஆடியோ கடையில் வேலை பார்த்தார். அங்கே அவரிடம் சாமான் வாங்குவது, பரீட்சை எழுதி பாஸ் பண்ணுகிற மாதிரி. ஒருவர் வந்து, ஆயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டியைக் காட்டி இது வேண்டும் என்றால், வூஃபர் பெட்டியைக் குப்புறத் திருப்பி வைத்துவிடுவாராம்.

"இது பீக் வாட்ஸ் சார். தைப்பூசத்தன்னைக்கு ஒரு நாள் காவடி தூக்குவீங்கல்ல, அந்த பலம். தினம் மார்க்கெட்லேர்ந்து பை தூக்குற பலம் எவ்வளவுன்னு கேளுங்க. அதுக்குப் பேரு ஆர்.எம்.எஸ். இந்தப் பெட்டிக்கு அது அறுபதுதான். உங்களுக்கு இது வேணாம். வீட்டுக்குப் போங்க."

வந்தவர் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாளில் முதலாளி வூஃபரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். அதன் பிறகுதான் கைப்பேசியில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார் ஓட்ட வந்தார். கடையிலாவது பிடிக்காதவர்கள் வாசல் வழியாக வெளியே போய்விடலாம். ஓடுகிற காரில் எங்கே போவது?

காரின் பின்னால் சாமான் வைக்கிற இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு சப்வூஃபர் என்று ஒரு பெரிய பெட்டி வைத்திருந்தார். விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோமதி ஒரு நாள் அதைக் கழற்ற வைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்து, மேலே துணி விரித்து ரைஸ் குக்கரை வைத்துவிட்டாள். இப்போது அந்த வீட்டில் சோறு வேகிற உயரத்துக்கு எங்கள் புளோக்கில் யார் வீட்டிலும் வேகாது.

பெட்டி போனாலும் பேச்சு போகவில்லை. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையனை, "தம்பி, இந்த இடத்துல சலங்கை வருது, மிஸ் பண்ணாதீங்க" என்று எழுப்பியிருக்கிறார். சீனத்து அம்மா ஒருவர் கையில் பபிள் டீயோடு ஏறினார். அவருக்கு ஓம்ஸ் பாடம். எட்டு ஓம்ஸ் என்றால் சாதா ஸ்ட்ரா, நாலு ஓம்ஸ் என்றால் பபிள் டீயின் தடி ஸ்ட்ரா, அது நிறையக் கரண்ட் இழுக்கும், அதற்குத் தகுந்த ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் சூடாகிச் செத்துப் போகும் என்று பாதி இங்கிலீஷ், பாதி மலாயில் விளக்கியிருக்கிறார். அந்த அம்மா பயந்துபோய் டீயைக் குடிக்காமலே இறங்கிவிட்டார். இன்னொருவர் இவரிடமிருந்து தப்பிக்க, கைப்பேசியைக் காதில் வைத்து யாருடனோ பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். நடுவில் அந்தக் கைப்பேசியே அடித்துவிட்டது. வூஃபர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரிங்டோன்ல தடி சத்தம், அந்த பேஸே இல்ல சார், கவனிச்சீங்களா?" என்று அங்கிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

இறங்கிய பிறகு ஜனங்கள் கைப்பேசியில் நட்சத்திரம் போடுகிறார்களாமே. வூஃபருக்கு அது மழைக்காலத்து வானம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் கோமதி என் வீட்டுக்கு வந்தாள். நான் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, கம்பெனிலேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. டிரைவர் ரொம்பப் பேசுறார்னு இன்னும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தா அக்கவுன்ட்டை நிறுத்திடுவாங்களாம். இந்த வயசுல இவர யாரு லா வேலைக்கு எடுப்பா?"

"நீ சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன். அமைதிங்கிறதுக்கே ஒரு அளவு இருக்கு, அதுக்குப் பேரு நாய்ஸ் ஃப்ளோர்னு ஆரம்பிச்சிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண் கலங்கியிருந்ததால் அடக்கிக்கொண்டேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேருமாக ஒரு ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை சவாரியில் நான்தான் பயணி. எங்கள் புளோக் வாசலிலிருந்து டெக்கா வரைக்கும் வூஃபர் வாயைத் திறக்கக் கூடாது. என்னிடம் அடக்கப் பழகிவிட்டால் யாரிடமும் அடக்கலாம்.

முதல் சனிக்கிழமை விரைவுச்சாலையில் ஏறும் வரை தாங்கினார். அப்போது பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது.

"நாப்பது ஹெர்ட்ஸ்" என்றார்.

"தம்பி."

"நான் பேசலம்மா. லாரிதான் பேசுச்சு. நான் அதோட பேரச் சொன்னேன், அவ்வளவுதான்."

இரண்டாவது சனிக்கிழமை வாய் மூடியிருந்தது. கை திறந்துகொண்டது. சிக்னலில் நிற்கும்போது நாலு விரலைக் காட்டினார், பிறகு எட்டு விரலைக் காட்டினார், பிறகு கன்னத்தை உள்ளே இழுத்துக் காற்றை உறிஞ்சிக் காட்டினார். ஸ்ட்ரா பாடமாம். பக்கத்து டாக்சிக்காரர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமை கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பாவம், பல் வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார். நாதஸ்வரக் கச்சேரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மிகவும் பிடித்தது. அதைப் போட்டுவிட்டு, "தவில் எப்படி வந்து நெஞ்சுல விழுது பாருங்க" என்று எல்லாரிடமும் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை. பாதி வழியில் புருவம் சுருங்கியது. ஸ்டியரிங்கிலேயே இருந்த பொத்தானை அமுக்கிப் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். தலையைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் கூட்டினார். டெக்கா கார்பார்க்கில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு விரலைத் தூக்கிப் பேச அனுமதி கேட்டார்.

"பேசு."

"தவில் எங்கம்மா?"

நானும் காது கொடுத்துக் கேட்டேன். தவிலா அது? யாரோ பிஸ்கட் டின்னைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அவர் எதையோ திருகி இடது பக்கம் மட்டும் பாட வைத்தார். தவில் வந்துவிட்டது. வலது பக்கம் மட்டும் வைத்தார். அங்கேயும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தார். காணோம்.

"தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. சேந்தா போயிடுது" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் வரவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"தம்பி, நானும் மருமகளும் ஆளுக்கு ஒரு முனையப் பிடிச்சுப் புடவை மடிப்போம். நான் முன்னாடி வர்றப்ப அவளும் முன்னாடி வரணும். அவ பராக்குப் பாத்துக்கிட்டுப் பின்னாடி போனான்னு வை, ரெண்டு பேரும் நடந்துக்கிட்டே இருப்போம், புடவை மடியாது. இங்கயும் ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்குதோ என்னமோ."

அவர் என்னைப் பார்த்தார், வலது கதவைப் பார்த்தார்.

"வயரை மாத்தி மாட்டியிருக்கேம்மா. வலது பக்கம். ப்ளஸ்ஸுல மைனஸ், மைனஸ்ல ப்ளஸ்."

"எப்ப?"

"எட்டு மாசம் முன்னாடி. கதவுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு மாத்தினேன்ல. அப்பக் கார்பார்க் கூட்டுற அண்ணன் பக்கத்துல வந்து நின்னாரு. ப்ளஸ் எது, மைனஸ் எது, மாத்தி மாட்டினா பேஸ் எப்படிக் காணாமப் போகும்னு அவருக்கு வெளக்கிக்கிட்டே மாட்டினேன்."

நான் சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரயோஜனமில்லை. வயிறு குலுங்கியதில் சீட்டே ஆடியது. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

"எட்டு மாசமா ஏறுனவங்க எல்லார்கிட்டயும் கேளுங்க கேளுங்கன்னேன். நான் ஒரு நாள்கூடக் கேக்கலியேம்மா."

"இன்னைக்குக் கேட்டல்ல. எறங்கு, மீன் தீந்துடும்."

அன்று சாயங்காலம் கார்பார்க்கில் கதவைப் பிரித்து வயரைச் சரி செய்தார். கூட்டுகிற அண்ணனும் வழக்கம்போல் வந்து நின்று, இது என்ன, அது என்ன என்று கேட்டாராம். வூஃபர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மாட்டினார். அண்ணனுக்கு வருத்தம்.

அதற்குப் பிறகு பயணிகளிடம் அவர் தொண்டையைச் செருமியதோடு சரி. ஒரு மாதம் கழித்துக் கோமதி ஓடி வந்து கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதையே மறந்துவிட்டாள். பிறகு அவளே படித்தாள். டிரைவர் அமைதியானவர், பாட்டு ரொம்ப நன்றாகக் கேட்டது என்று யாரோ எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்களாம். அதை மூன்று தடவை படித்தாள். இனி நிறுத்த மாட்டார்கள் என்றாள். அன்றைக்குக் காப்பியைக் குடித்தாள், இன்னொரு டம்ளரும் வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. சனிக்கிழமைகள்தான் சரியில்லை. பயணிகளிடம் பழகிய பழக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது. "பெல்ட் போட்டுக்கங்கம்மா" என்பார், அதோடு முடிந்தது. தவில் இப்போது நிஜமாகவே நெஞ்சில் வந்து விழுந்தது, வலிக்கிற முழங்கால் வரைக்கும் இறங்கியது. இருந்தும் டெக்கா ஏனோ தூரமாகிவிட்டது.

போன வாரம் மார்க்கெட்டை முடித்துக்கொண்டு காரில் ஏறினேன். கீரையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, டாம்பிங் ஃபேக்டர்னு ஒண்ணு அன்னைக்குச் சொல்ல வந்தியே. அப்படின்னா என்ன?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கோமதி திட்டுவாம்மா."

"இது கம்பெனி சவாரி இல்ல. கோமதிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார். பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். விரைவுச்சாலைப் பக்கம் திரும்புவதற்கு இன்டிகேட்டரைப் போட்டார்.

"அந்தப் பக்கம் வேணாம் தம்பி" என்றேன். "புக்கிட் தீமா ரோட்டுலயே போ. அதுலதான் சிக்னல் ஜாஸ்தி."