ஒரு கதவுக்கு மூன்று பூட்டு

"சாவியை எங்கடா வச்சே?" என்று பெரியவர் நாலாவது முறையாகக் கேட்டார்.

"பத்திரமாத்தான் வச்சேண்ணா. அதான் கிடைக்கமாட்டேங்குது" என்றார் சின்னவர்.

வீட்டை வாங்க வந்தவர் வெயிலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்முன்னே, காலமான அப்பாவின் வீட்டு வாசற்கதவில் மூன்று பூட்டுகள் தொங்கின.

முதல் பூட்டு பெரியவருடையது. தலைமையாசிரியர், சாக்பீஸ் பெட்டிக்கே பூட்டுப் போடுகிற ஆள். அப்பா இருந்தவரை வருஷத்துக்கு ஒருமுறை வாசல் வழியாக வந்து வாசல் வழியாகவே போனவர், அப்பா போன மறுவாரம் பின்கதவுத் தாழ்ப்பாளை உள்ளிருந்து தன் கையாலேயே போட்டுவிட்டு, வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அண்ணன் மட்டும் தனியா வந்து அள்ளிட்டுப் போயிட்டா?" என்று, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் சின்னவர் அதே நாதாங்கியில் இன்னொன்றை மாட்டினார்.

நர்ஸ் வேலை பார்க்கும் தங்கைதான் ஆறு வருஷம் அப்பாவோடு இருந்து அவரைக் கவனித்துக்கொண்டவள். "வீட்டை விக்காதீங்க, நான் இருந்துக்கறேன்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். அண்ணன்மார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் மட்டும் என்ன இளிச்சவாயா என்று அவளும் ஒரு பூட்டைத் தொங்கவிட்டாள். மூன்று மாதமாக ஈ காக்கைகூட உள்ளே போயிருக்காது என்று பெரியவருக்கு நிம்மதி.

இப்போது அந்த நிம்மதி போய்விட்டது. பக்கத்து வீட்டில் சுத்தியலை வாங்கிச் சின்னவரின் பூட்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். பூட்டு அசையவில்லை. நாதாங்கி வளைந்து, நல்லபடியாக இருந்த மற்ற இரண்டு பூட்டும் சேர்ந்து சிக்கிக்கொண்டன.

"என் பூட்டையும் கெடுத்துட்டீங்களே பெரியண்ணா" என்று சொல்லிவிட்டு, தங்கை பின்தெருவிலிருந்து பூட்டுக்காரரை அழைத்து வந்தாள். அவர் நாதாங்கியையே அறுத்து எடுத்தார்.

பெரியவர் கோட்டையைப் பிடித்தவர்போல் கதவைத் தள்ளினார். "வாங்க சார். ஆள் புழங்காத வீடு, கொஞ்சம் தூசியா இருக்கும்."

தூசியைக் காணோம். தரை பளபளவென்றிருந்தது. ஜன்னலோரச் செடியில் புதுப் பூ. சுவரில் அப்பாவின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் அப்பா சாவி கொடுப்பார். ஒரு வாரம் விட்டால் நின்றுவிடும்.

வாங்க வந்தவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிமிஷம் பிசகவில்லை. "இதுக்கு யார் சாவி கொடுக்கறாங்க?"

சின்னவர்தான் வாயை விட்டார். "அப்பா வேற யாரையும் அதைத் தொட விடமாட்டாருங்க."

"இந்த வீட்டை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்?" என்றாள் தங்கை மெதுவாக.

வாங்க வந்தவர் ஓடிய வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. விஷயம் ஊருக்கே பரவியது. அதன்பிறகு ஒரு தரகரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒரு வாரம் யோசித்த பெரியவருக்குப் பளிச்சென்று வழி பிறந்தது. "அவதானே கேட்டா? அவ தலையிலேயே கட்டிடுவோம்."

"பாவம்ணா அவ."

"பாவம் பார்த்தா அப்பா உன் வீட்டுக்கு வந்துடுவார், பரவாயில்லையா?"

சின்னவர் அன்றைக்கே பத்திரத்துக்கு நாள் பார்த்தார்.

பத்திர அலுவலகத்தில் பெரியவரே வாசகம் சொன்னார். எக்காரணம் கொண்டும் வீட்டை அண்ணன்மாரிடம் திருப்பித் தரக் கூடாது என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னார்.

"அதுவும் போடணுமாண்ணா?" என்றாள் தங்கை.

"கண்டிப்பா போடணும். நாளைக்குப் பயமா இருக்குன்னு வந்து நிக்கக் கூடாது பாரு."

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். கண் கலங்கியிருந்தது. பெரியவருக்கே கொஞ்சம் இரக்கமாகிவிட்டது. ஆனாலும் பத்திரம் பதிவானதும், நூற்றுக்கு நூறு வாங்கியவர்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கதவைத் திறந்தவர் என்பதால் பூட்டுக்காரரையே சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். அவர் பேனாவை மூடிவிட்டுத் தங்கையிடம் கேட்டார்:

"சிஸ்டர், வீடுதான் உங்க பேருக்கே வந்துடுச்சே, இனிமேலாவது ஆடிப்போன அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாளை மாத்திடலாமா? மூணு மாசமா தினம் டூட்டி முடிஞ்சு வந்து, கதவைத் தூக்கித் தூக்கித் தள்ளிட்டு உள்ள போறீங்க, பார்க்கவே பாவமா இருக்கு."