சுபேதார் பெட்டியில் ஒரு கீறல்

பெட்டி வந்து இறங்கியதுமே வின்சியின் கண் அந்தக் கீறலில் போய் நின்றது. தலைமாட்டுப் பக்கம், ஒரு முழ நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று. போதாக்குறைக்குப் பாலிஷும் இல்லை.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அப்பா ஞானராஜ் படுத்திருந்தார். பட்டாளத்து சுபேதார். சட்டைப் பொத்தான் சாய்ந்திருந்தால்கூடப் பொறுக்காதவர். தன் சவப்பெட்டியையும் தானே ஆசாரியிடம் சொல்லி வைத்துவிட்டுப் போனவர். அவரை இதிலா ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது? வின்சி கீறலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கடைசியில கண்ணு மங்கிப்போச்சுல்ல, கவனிச்சிருக்க மாட்டாக," என்றாள் அத்தை ஞானபாக்கியம்.

"வேற பெட்டிக்கு நேரமில்ல," என்றான் அண்ணன் செல்வின். "ஒங்கிட்டதான் பெயிண்ட் இருக்குல்லா. கீறல மட்டும் மறைச்சு விடு."

பெயிண்டுதான் வின்சியின் பிழைப்பே. கணவனுக்கு நார்வேயில் வேலை கிடைத்துப் போன இடத்தில், அந்நாட்டுக் குடியானவர்கள் ஒரு காலத்தில் சுவரிலும் மரப்பெட்டியிலும் வரைந்த ரோஸ்மாலிங் என்கிற பூச்சுருள் ஓவியத்தைக் கற்றுக்கொண்டாள். ராஜபாளையம் திரும்பியபின் அதையே இந்தக் காலத்துக்குத் தக்கபடி ஹெல்மெட்டிலும், சட்டத்தில் இழுத்துக் கட்டிய பேண்டேஜ் துணியிலும் வரைகிறாள். சென்னையில் அதற்கு ஏக கிராக்கி. அப்பாவுக்குத்தான் ஆகவில்லை. "எம் பொருள்ல ஒரு பூ விழக்கூடாது," என்று தன் டிரங்குப் பெட்டிப் பக்கம்கூட அவளை அண்ட விட்டதில்லை.

"மன்னிச்சிருங்கப்பா," என்று முணுமுணுத்துவிட்டு, கீறல்மேல் நீலத்தில் ஒரு சுருள் இழுத்தாள்.

கீறல் மறைந்தது. ஆனால் ரோஸ்மாலிங்கில் ஒற்றைச் சுருள் நிற்காது. எதிரே அதைத் தாங்க இன்னொன்று வேண்டும். இல்லையென்றால் சாய்ந்தாற்போலத் தெரியும். சாய்வை அப்பா பொறுக்கமாட்டாரே என்று கால்மாட்டிலும் ஒன்று போட்டாள். நடுவே வெறும் பலகை பல்லிளித்தது. அங்கே ஒரு சிவப்புப் பூ.

அத்தை எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இதென்ன கல்யாணச் சீரா அனுப்புத?"

"அழிச்சிருதேன் அத்தை."

ஈரத்துணியால் துடைத்தாள். பாலிஷ் போடாத பலகை நிறத்தைக் குடித்துவிட்டிருந்தது. நீலமும் சிவப்பும் கலந்து திட்டாகப் படர்ந்ததுதான் மிச்சம்.

செல்வின் உற்றுப் பார்த்தான். "அடிபட்டுக் கன்னிப்போன மாதிரி இருக்கு. இதுக்குப் பூவே தேவல. போட்டுரு."

திட்டு மறைய அந்தப் பக்கம் முழுக்க வரைய வேண்டியிருந்தது. ஒரு பக்கம் வரைந்தபின் மறுபக்கத்தைச் சும்மா விட முடியவில்லை. அப்புறம் மூடி. போதகர் ஜெபத்துக்கு வந்தபோது பெட்டியில் விரல் வைக்க இடமில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்தபடி ஜெபம் செய்தார்.

தூக்கியவர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் டவுன் பஸ்ஸின் ஜன்னல்தோறும் தலைகள் நீண்டன. வின்சி குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு பூ வேண்டாம் என்ற மனிதரைப் பூக்காடாக்கி அனுப்புகிறோமே, அவர் கேட்ட ஒன்றைக்கூடக் காப்பாற்றவில்லையே என்று வழியெல்லாம் அழுதாள்.

மண் தள்ளி முடிந்து கூட்டம் கலைந்தது. பெட்டி செய்த ஆசாரி சமுத்திரமும் வந்திருந்தார். செல்வின் அவரை நிறுத்தினான்.

"என்ன ஆசாரியாரே, பாலிஷும் இல்லாம, கீறலோடவா பெட்டி குடுப்பீக?"

"நான் நல்லா இழைச்சுத்தான் வச்சிருந்தேன் தம்பி. ஒங்க அப்பாதான் போன மாசம் வந்து, பாலிஷ் போட்டா பெயிண்ட் பிடிக்காதுன்னுட்டாக." சமுத்திரம் வின்சியின் பக்கம் திரும்பினார். "பொறவு எங் கையில இருந்த உளிய வாங்கி, அந்தக் கீறலையும் அவியளேதான் போட்டாக தாயி. பதறிப்போய் ஏன்னு கேட்டேன். 'குறை இல்லாம இருந்தா எம்மக தொடமாட்டாடா'ன்னாக."