விரலில் தடவிய ரப்பர்ப்பால்

சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்கிற புத்தி எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கூடவே என் சொந்த மூளையையும் கொஞ்சம் கலப்பேன். அதனால் கெட்டது என் அக்கா அஞ்சலையின் கல்யாணச் சாப்பாடு.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். பாலிங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். தோட்டத்து ஜப்பான் துரைக்குப் பந்து வீசி மட்டையால் அடிக்கும் விளையாட்டு என்றால் பைத்தியம். நான் கல்லெறிந்து மாங்காய் அடிப்பதைப் பார்த்துவிட்டு, பந்து வீச என்னைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்தை ஜெயித்தால் எனக்கு ஒரு மூட்டை அரிசி என்றார். ஆட்டம் முடிந்த மறுவாரம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பண்டார் பாருவிலிருந்து வருகிறார்கள்.

"தம்பி, வர்றவங்களுக்கு ஒரு வாய் சோறாச்சும் போடணும்டா," என்றாள் அக்கா.

துரை அரைகுறை மலாயில் சொல்லிக் கொடுத்தார். கையைக் கீழிருந்து வீச வேண்டும். பந்தின் தையல்மேல் இரண்டு விரல், அடியில் கட்டைவிரல். முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, கை இடுப்பைத் தாண்டும்போது விட்டுவிட வேண்டும். "பெலான் பெலான்," என்று அவசரத்தை அடக்குவார். பழகியபோது பந்து சொன்ன இடத்துக்குப் போனது. (நம்புங்கள்.)

ஆட்டத்தன்று பயத்தில் கை வியர்த்து வழிந்தது. பந்து வழுக்கிவிட்டால் அரிசி போச்சு. பால்மரம் வெட்டுகிறவனுக்கு வேறென்ன வைத்தியம் தெரியும்? மரத்தில் பால் வடியக் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்திலிருந்த ரப்பர்ப்பாலை விரல்களில் தடவி, ஊதி ஊதி அரைகுறையாகக் காயவைத்தேன்.

கூட்டாளி மாரி பார்த்துவிட்டான். "டேய், அது ஒட்டும்லா."

"ஒட்டத்தாண்டா தடவுறேன்." (அறிவாளி பேசுகிறான், கேளுங்கள்.)

முதல் வீச்சு. கை இடுப்பைத் தாண்டியது, பந்து விடவில்லை. மார்பைத் தாண்டியது, விடவில்லை. கை தலைக்கு மேலே போன பிறகுதான் விட்டது. எனக்குப் பின்னால், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரையின் மூக்கில் போய் விழுந்தது.

நான் வாங்கிய அறையைச் சொல்லி அனுதாபம் தேடமாட்டேன். மூட்டையை லாரியில் திருப்பி ஏற்றினார்கள். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை போட்டு அவித்த கிழங்கு வைத்தோம். அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, கிணற்றடியில் விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அக்கா குடும்பம் அலோர் ஸ்டாரில். அங்கே எந்தக் கல்யாணமானாலும் எல்லார் இலையிலும் சோறு விழும், என் இலையில் மட்டும் முதலில் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு. "தாத்தா, கையக் காட்டுங்க, பால் இருக்கா?" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டாள். நான் கிழங்கைத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். பிறகுதான், "தம்பிக்குச் சோறு போடுங்க," என்பாள்.