அறுத்த துப்பாக்கியும் அறுக்காத துப்பாக்கியும்

அன்புத் தம்பி வெர்னுக்கு அக்கா ஆர்டிஸ் எழுதிக்கொண்டது. அரிசோனா வெயிலில் உன் முழங்கால்கள் சொன்னபடி கேட்கின்றன என்று நம்புகிறேன். இங்கே மொன்டானாவில் என் வலது தோளையும் நம் தங்கையையும் தவிர எல்லாம் சுகம்.

நாளைக்கு யாராவது உன்னிடம் வேறு மாதிரி சொல்லக்கூடும் என்பதால், போன சனிக்கிழமை படைவீரர் சங்கக் கூடத்துத் துப்பாக்கிச் சந்தையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான். நம் தங்கை நெவா. அவள் புருஷன் கிளைட், நாற்காலி கிடைத்தால் விடுவானா, நாற்காலியில். பச்சைக் கம்பளி விரித்த மேசைக்குப் பின்னால் வியாபாரி பர்ல் ஹாஸ்கெட். மேசைக்கு அடியில் அவன் நாய். வாசலில் ஆப்பிள் கேக் விற்ற பாதிரியார் மனைவி இங்ரிட். அவளுக்கு இடது காது கேட்காது, ஆனால் வலது காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

நான் போன காரணம் உனக்குத் தெரியும். தோளில் கத்தி வைத்த பிறகு என் ஓரினின் துப்பாக்கியை என்னால் சுட முடியவில்லை, அவர் போய் ஒன்பது வருஷமாகியும் அது மட்டும் உதைப்பதை நிறுத்தவில்லை, அதனால் போன வருஷம் ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் மான் சுடவில்லை, குளிர்காலம் முழுக்க நெவா கொடுத்த கறியைத் தின்றேன். அவளுக்கு மூன்று மருமகன்கள், மூன்று பேரும் சுடுகிறவர்கள். எனக்கு வாய்த்த ஒரே மருமகன் கீரை தின்கிறவன். வெள்ளைத் தாளில் சுற்றி, சிவப்பு மையில் ‘அக்காவுக்கு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு இதயமும் வரைந்து, முப்பத்தோரு பொட்டலம். முப்பத்தொன்றையும் தின்றேன், வேறு வழி? ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று என்னைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. இன்னொரு குளிர்காலம் அந்த இதயத்தைப் பிரிக்க என்னால் முடியாது. பர்ல் மேசையில் உதைக்காத சின்னத் துப்பாக்கி ஒன்று இருந்தது, விலை நானூறு டாலர். ஓரினுடையதைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன், நெவாவுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, அவளும் வந்துவிட்டாள்.

பர்ல் என் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான், சின்ன டார்ச்சை அடித்துக் குழலுக்குள் பார்த்தான், பிறகு துக்க வீட்டில் பேசுகிற குரலில் கேட்டான்.

“யாரும்மா இதை அறுத்தது?”

“என் வீட்டுக்காரர். ஒரு குளிர்காலம் பூரா உக்காந்து பண்ணாரு.”

“அதான் பிரச்சனை. முன் கட்டைய அறுத்துட்டாரு, குறி பாக்குற காத ராவிட்டாரு, தொலைநோக்கி மாட்ட மூணு ஓட்டை போட்டுட்டாரு, ராணுவ முத்திரைய உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டாரு. பழசு பழசா இருந்தாத்தான் இப்ப வாங்குறாங்க. கட்டையில செதுக்கின இந்த ஆடு வேற.”

“அது மான்.”

“சரிங்கம்மா, மான். நூத்தம்பது தரேன்.”

வெர்ன், என் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் அறுத்தார். அந்த வருஷம் நாங்கள் தின்ற ரொட்டியில் எல்லாம் இரும்புத்தூள். ஆளி விதை எண்ணெய் பூசிப் பூசிக் கட்டையைக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். தேய்க்கத் தேய்க்க விலை இறங்கும் என்று அன்றைக்கு ஒருத்தராவது சொல்லியிருந்தால் இரண்டு பேரும் நேரத்தோடு தூங்கியிருப்போம்.

அப்போதுதான் கிளைட் நாற்காலிக்கு அடியிலிருந்து போர்வை சுற்றிய ஒன்றை எடுத்தான். 1961இல் இரும்புக் கடை பீப்பாயில் இங்கிலாந்து ராணுவம் கழித்துப்போட்ட 303 துப்பாக்கிகளை விறகு மாதிரி நிறுத்தி வைத்துப் பதினான்கு டாலருக்கு விற்றார்களே, ஓரினும் கிளைட்டும் ஒரே நாளில் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தார்களே, அதில் அவனுடையது. அலமாரிக்குப் பின்னால் போட்டவன்தான், ஐம்பத்தெட்டு வருஷம் தொடவில்லை. உடைந்த வாசல் படியையும் அப்படித்தான் அவன் தொடாமல் விட்டான், 1978இல் அதில்தான் என் கணுக்கால் போனது. பர்ல் அதைப் பார்த்ததும் துணி உறை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டான். எனக்கு வெறும் கை, கிளைட்டுக்கு உறை.

“ஆயிரத்து இருநூறு போகும் சார். எப்படிங்க இவ்வளவு நல்லா வெச்சிருந்தீங்க?”

“ஒண்ணும் பண்ணல,” என்றான் கிளைட். வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே உண்மை.

நெவா என் கையைத் தொட்டு, “இவரப் பத்தி உனக்குத் தெரியாதாக்கா, எதையும் தொட மாட்டாரு,” என்றாள். அறுபது வருஷமாக அந்தக் குறையைச் சொல்லி என் சமையலறையில் அழுதவள், அன்றைக்கு அதையே பெருமையாகச் சொன்னாள். என் வயிறு எரிந்ததை அந்த நாய்கூட மோப்பம் பிடித்திருக்கும், தலையைத் தூக்கிப் பார்த்தது.

பர்ல் திரும்ப டார்ச்சை அடித்தான், முகம் சுருங்கியது. “சார், உடம்புல எண் 417. பின்னாடி இழுத்துக் குண்டு ஏத்துற போல்ட்டுல 409. இது வேற துப்பாக்கியோட போல்ட்டு. ரெண்டு எண்ணும் ஒண்ணா இருந்தாத்தான் ஆயிரத்து இருநூறு. இப்படின்னா நானூறுக்கு மேல தர முடியாது. சொந்த போல்ட்டு வீட்ல எங்கயாவது கெடக்குதா பாருங்க.”

பர்ல் திருப்பிக் கொடுத்த என் துப்பாக்கி என் மடியில் இருந்தது. குனிந்து பார்த்தேன். உடம்பில் 409, போல்ட்டில் 417.

உடனே எனக்கு எல்லாம் நினைவு வந்தது. 1961இல் இரண்டு துப்பாக்கியின் கிரீஸையும் என் தொட்டியில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவியவள் நான். நெவா கர்ப்பமாக இருந்ததால் கால் வீங்கிப்போய் உட்கார்ந்து என் ஊறுகாய்ப் புட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள், அந்த எரிச்சலில் நான்தான் போல்ட்டுகளை மாற்றி மாட்டியிருக்கிறேன். அந்த எண்ணூறு டாலர் என் மடியில் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 417 மேல் கட்டைவிரலை வைத்தேன். பர்ல் அடுத்த ஆளிடம் போகிறவரை எடுக்கவில்லை. பிறகு என் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும்தான். கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. கிளைட் சும்மா இருந்ததற்கு ஆயிரத்து இருநூறு என்றால், நானும் சும்மா இருக்கலாம். போல்ட்டைக் கழற்றி மாவு டின்னுக்குள் வைத்திருக்கிறேன். அவள் பொட்டலம் கொண்டுவந்தால் இந்த வருஷம் கதவைத் திறக்கமாட்டேன், பட்டாணி தின்று கிடப்பேன்.

கர்த்தர் உன்னையும் டாரிஸையும் தேள்களிடமிருந்து காப்பாராக. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், சளி பிடித்தவனுக்கு மட்டும் தூரத்திலிருந்து.

இப்படிக்கு,
உன் அக்கா ஆர்டிஸ்

பி.கு: தபால் தலை இல்லாததால் கடிதம் இரண்டு நாள் இங்கேயே கிடந்தது. இன்று காலை நெவா வந்தாள். நீளமாக எதையோ வெள்ளைத் தாளில் சுற்றி வைத்திருந்ததால் கதவைத் திறந்துவிட்டேன். சிவப்பு மையில் ‘அக்காவுக்கு’. இதயமும் இருந்தது. உள்ளே பர்ல் மேசையில் நான் பார்த்த அந்தச் சின்னத் துப்பாக்கி. “எங்களுது அங்க சும்மாதானக்கா கெடந்துச்சு,” என்றாள். “பர்ல் நானூறுதான்னான், இதுவும் நானூறு, அதைக் கொடுத்துட்டு இதை வாங்கிட்டேன். நீ எப்படிப் பாத்தேன்னு நான் பாத்தேனே. ஓரின் மாமா அறுத்தத விக்காத. அந்த மாதிரி ஒரு குளிர்காலம் எனக்காக எவன் உக்காந்தான்? அதைப் பாக்கும்போதெல்லாம் உன் மேல எனக்குப் பொறாமையா இருக்கும், தெரியுமா.” காபி கொடுத்தேன். ஊறுகாய்ப் புட்டியும் எடுத்து வைத்தேன். அவள் சாய்ந்து உட்கார்ந்த அலமாரியில்தான் மாவு டின் இருந்தது. வாயை மூன்று தடவை திறந்தேன், மூன்று தடவையும் சர்க்கரை போதுமா என்றுதான் கேட்டேன். துப்பாக்கி உதைக்கவில்லை, பின்னால் போய் இரண்டு குண்டு சுட்டுப் பார்த்தேன், இரண்டும் நடுவில். கடிதத்தை எரிக்க வேண்டாம், எனக்குத் திருப்பி அனுப்பு, வாய் வராவிட்டால் ஒருநாள் இதையே அவளிடம் நீட்ட வேண்டியிருக்கும். பாதிரியார் எல்லாரையும் மன்னிக்கச் சொல்கிறார், கிளைட்டையும் அந்தப் படியையும்கூட மன்னித்தாயிற்று. சாகும்வரை மன்னிக்க முடியாத ஒருத்தி மட்டும் பாக்கி: நெவா.