தானாகத் திறந்த சதுரங்கம்

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரத்தில் அற்புதசாமிக்குத் தன் மனைவியை ஏமாற்ற வேண்டிய அவசியம் வந்தது. காரணம், சதுரங்கம்.

காட்டூரில் அவர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அது அமலராணிக்குச் சொந்தம். கணக்கு டீச்சராக இருந்தவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு அதில்தான் டியூஷன். அதே ஐந்து மணிக்குத்தான் முகம் தெரியாத பிரேசில்காரர் ஒருவர் அற்புதசாமியோடு ஆட வருவார்.

கம்ப்யூட்டரைப் போட்டால் டியூஷன் கிளாஸ் தானாகத் திறந்துகொள்ளும். அமலராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு "குட் ஈவினிங்" என்பார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது கணவரின் கணிப்பு.

எதெல்லாம் தானாகத் திறக்க வேண்டும் என்பதற்கு உள்ளே ஒரு பட்டியல் உண்டு. அற்புதசாமி இரண்டு நாள் தேடி அதைக் கண்டுபிடித்தார். டியூஷனை நீக்கினார். சதுரங்கத்தைச் சேர்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு யோக்கியமாகப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

சரியாக ஐந்து மணி.

"என்னங்க, கிளாஸ் வரலைங்க. குதிரை, யானையெல்லாம் வந்து நிக்குது."

"நகரு, பார்க்கிறேன்." மௌஸை இரண்டு தடவை உலுக்கினார். ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "ஸ்டார்ட்டப்ல கோளாறு, ராணி. சொன்னா உனக்குப் புரியாது. சரி பண்ண ஒரு வாரம் ஆகும்."

"பிள்ளைங்க காத்திருக்குமே."

"போன்ல எடுத்துக்கோ."

அமலராணி மறுபேச்சில்லாமல் போனோடு படுக்கையறைக்குப் போனார். இத்தனை சுலபமாக முடிந்ததில் அற்புதசாமிக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

மூன்று நாள் ஆனந்தமாக ஆடினார். மூன்றாம் நாள், "போச்சு, ராணி போச்சு" என்று அலறினார்.

"நான் எங்கேயும் போகலைங்க, உள்ளேதான் இருக்கேன்" என்று பதில் வந்தது.

எட்டிப் பார்த்தார். உள்ளங்கை அகலத் திரையில் மூக்கு உரச, மனைவி யாருக்கோ முக்கோணம் விளக்கிக்கொண்டிருந்தார். நெஞ்சில் சுருக்கென்றது. நாளைக்கே மாற்றிவிடலாம் என்று நினைத்தார். பிறகு, நாளை மறுநாள் என்று திருத்திக்கொண்டார்.

நாலாம் நாள் ஐந்து மணிக்கு வாசலில் பக்கத்து வீட்டு ஷஹனாஸ், கையில் லேப்டாப்போடு.

"அங்கிள், ஸ்டார்ட்டப் கோளாறு நீங்க பார்ப்பீங்களாமே. ஆன்ட்டி சொன்னாங்க. இது திறக்கவே கால் மணி நேரம் ஆகுது."

"கொடும்மா. இந்த விஷயத்துல இவரை விட்டா இந்தத் தெருவுல ஆளில்லை" என்றார் அமலராணி, பெருமை பொங்க.

மனைவி வாயால் இதைக் கேட்ட பிறகு எந்தக் கணவன் தெரியாது என்பான்? ஹாலில் உட்கார்ந்து, தானாகத் திறந்த பதினேழு வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினார். மறுநாள் எதிர் வீட்டுப் பானுமதி. அதற்கு மறுநாள், பாலக்கரையிலிருந்து மாதா கோயில் பாடகர் குழு அருள்ராஜ் பெரிய கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லோரும் ஐந்து மணிக்கே வந்தார்கள். ஏழுக்கு முன்னால் யாரும் கிளம்பவில்லை.

அருள்ராஜின் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து "குட் ஈவினிங்" கேட்டது. போனில் இல்லை. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில்.

வகுப்பு முடிந்ததும் அற்புதசாமி மெல்லப் போய் நின்றார்.

"கிளாஸ் எப்படித் திறந்துச்சு?"

"பட்டியல்ல திரும்பச் சேர்த்துட்டேன்."

"உனக்கு அது தெரியுமா?"

"முதல்ல அதைச் சேர்த்து வச்சது யாருன்னு நினைச்சீங்க?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே அற்புதசாமிக்கு இதுவரை தோன்றவில்லை.

"அப்ப முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"ரிட்டயர் ஆனதிலேருந்து நீங்க சிரிச்சு நான் பார்க்கலைங்க. அன்னிக்குத்தான் சிரிச்சீங்க. மூணு நாள் ஆடட்டும்னு விட்டேன்." அமலராணி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உட்காருங்க. ஏழு மணிக்கு மேல எனக்கு எதுக்கு இது?"

அற்புதசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். "இனிமே தினமும் ஏழு மணிக்கு ஆடிக்கிறேன், ராணி."

"இன்னிக்கு ஆடிக்கோங்க. காலையில கோயில் பூசை அறிவிப்புல, கம்ப்யூட்டர் சரி பண்ணுவார்னு உங்க பேரை வாசிச்சுட்டாங்க. அஞ்சு மணிக்குக் கூட்டம் தாங்காதுன்னு பாதிப் பேரை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."