பச்சையாகாத திரை

“என்னம்மா, மறுபடியும் சிவப்பா?” மேனேஜரின் குரல் முதுகில் விழுந்தது.

“ரெண்டே நிமிஷம் சார்” என்றாள் அவள், திரும்பாமலே.

சுவரில் மாட்டியிருந்த அந்தத் திரை அவள் தனியாளாக உருவாக்கியது. பல ஊர்ச் சரக்குக் கிடங்குகளில் சுமை தூக்குகிறவர்கள் பெட்டிக் கணக்கைப் போனில் ஓர் இணையப் பக்கத்தில் பதிவு செய்கிறார்கள். அந்தப் பக்கம் யார் கையில் பக்கம் நொண்டினாலும் அடுத்த நொடி இங்கே சிவப்பு எரியும். முன்பெல்லாம் யாராவது கூப்பிட்டுத் திட்டினால்தான் கோளாறே தெரியும். திரையைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையில் நெஞ்சு ஒரு சுற்று விரியும்.

“சாயங்காலம் முதலாளி வர்றாரு. பச்சையா இருந்தா எல்லாக் கிளைக்கும் இதுதான். இல்லேன்னா கழட்டி மூலையில போட்டுடுவேன், ஆமா.”

தொல்லை முழுக்க ஒரே போனிலிருந்து. எண்ணிக்கை கேட்ட கட்டத்தில் எவனோ பூப்படம் போட்டிருந்தான். எண் மட்டும்தான் ஏறும் என்று அடைத்தாள். உடனே முழ நீளத்துக்கு ஓர் எண் வந்து பக்கத்தைச் சாய்த்தது. நீளத்தை வெட்டினாள். அனுப்பும் பொத்தானை விடாமல் தட்டியே மூச்சுத் திணற வைத்தான்.

“குரங்கு கையில போன் மாட்டிக்கிச்சுடி” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

“குரங்குன்னா இந்நேரம் சலிச்சுப் போயிருக்கும்.”

தன்மையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று, பக்கம் விழும்போது ஒரு வரி தெரியவைத்தாள்: ‘கோளாறு எங்கள் பொறியாளருக்குத் தெரிந்துவிட்டது. இப்போதே கவனிக்கிறார்.’

அவ்வளவுதான். திரை முழுக்க ரத்தக்களறி. ஒரு போன் என்பது போய், அதே கிடங்கில் ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது.

“நல்லாச் சமாதானம் பண்ணினே, போ!” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

மேனேஜர் திரையைக் கழற்ற ஆளைக் கூப்பிட்டார். அவள் அவசரமாக அந்தப் போனின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள். லாரி இரைச்சலும் கூட்டச் சிரிப்புமாகக் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

“கிடங்கு மேஸ்திரி பேசறேன். யாரு?”

“அண்ணே, பெட்டிக் கணக்குப் பக்கத்தைக் கவனிக்கிற என்ஜினீயர் நான்தான். உங்க ஆளுங்க வேணும்னே கெடுக்கறாங்க. நான் செஞ்ச வேலையெல்லாம் குப்பைக்குப் போகப்போகுதுண்ணே. யாருன்னு சொல்லுங்க!”

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

“யோவ் பெரிசு, மூட்டையைப் போட்டுட்டு ஓடிவாய்யா! ‘இதைக் கெடுத்தா எம்பொண்ணு அங்க எந்திரிச்சு நிப்பா’ன்னு எல்லாரையும் கூட்டி வச்சு வித்தை காட்டினியே, நிஜமாவே உம்பொண்ணு லைன்ல வந்துருச்சு!”