வானம் பார்த்த கட்டணம்

ஒரு மாதமாவது தனியாக இருந்துவிட வேண்டும் என்று கட்டண அதிகாரி கங்கணம் கட்டிக்கொண்டார். பேச்சுக்கு விலை போடும் அந்த வேலையை அவர் பார்த்தது செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கைபேசிக் கம்பெனியில். நடுக்கடலிலும் பேசலாம், ஆனால் தலைக்கு மேல் திறந்த வானம் வேண்டும். கூரைக்கு அடியில் போனால் அது வெறும் கல். அந்தப் போனைச் சோதிக்க ஒரு சரக்குக் கப்பலில் ஆளனுப்பப் போகிறார்கள். நல்ல விலைத் திட்டம் போடுகிறவருக்கே அந்தப் பயணம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து மனுஷன் தரையில் இல்லை. பல் தேய்க்கும்போதே கப்பல் தளத்தில் மல்லாந்து படுத்துவிடுவார். மேலே மேகம் மெதுவாக நகரும். 'ஏங்க' என்று கூப்பிட ஒரு நாதி இருக்காது. கண் சொக்கும், பற்பசை நுரை சட்டையில் ஒழுகும்.

திட்டம்தான் வரவில்லை. விலையைக் குறைத்தால் நஷ்டம், கூட்டினால் வாங்க ஆளில்லை. மாலுமிகளை விசாரித்தால், வீட்டுக்குப் பேச ஒருவருக்கும் அவசரமில்லை. வேறு வழியில்லாமல் மனைவியிடம் புலம்பினார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"கடலுக்குப் போறவங்ககிட்ட ஏன் விக்கிறீங்க? வீட்ல இருக்கிறவங்ககிட்ட வித்துப் பாருங்க. மனுஷன் எங்க இருக்காரு, என்ன பண்றாருன்னு தெரிய எவ்வளவு வேணா குடுப்பாங்க."

"எடுத்த எடுப்புல யாரு குடுப்பா?"

"முதல் மாசம் இலவசம்னு சொல்லுங்க. பழகிட்டா விடமாட்டாங்க."

"அந்தப் பக்கம் எடுக்கலைன்னா?"

"எடுக்காத ஒவ்வொரு அழைப்பும் போன் கோளாறுன்னு கம்பெனி ஒத்துக்கணும். அப்பத்தான் நம்பி வாங்குவாங்க."

அதை அப்படியே தன் மூளையில் உதித்ததாகச் சொன்னார். முதலாளி கட்டிப்பிடித்துக் கப்பலேற்றினார். மனைவியும் மறுபேச்சில்லாமல் பெட்டி கட்டிக் கொடுத்தாள். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

கப்பல் தளத்தில் மல்லாந்து படுத்தார். நினைத்தபடியே வானம், நினைத்தபடியே மேகம். கடல் தாலாட்டியது. சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஏங்க, முதல் சந்தாதாரர் நான்தான். உங்க முதலாளியே பேர் எழுதிட்டுப் போனாரு. எடுக்கலைன்னா அவர்கிட்ட சொல்லணுமாம்."

அன்றைக்கு அது ஏழாவது முறை அடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மாலுமிகள் எல்லாரும் உள்ளே ஓடினார்கள். திட்டத்தைத் தந்த மேதை மட்டும் தொப்பலாக நனைந்தபடி, "ம், சொல்லும்மா" என்றார்.